நிற்காமல் போன வண்டி: நாமே தேடுவதா, போலீசிடம் விடுவதா, நிவாரணம் வாங்குவதா?

"போலீஸ்காரங்க பாத்துக்குவாங்கன்னு விட்டுடலாமா, நாமளே கேமரா தேடி அலையலாமா, இல்ல கவர்மெண்ட் குடுக்கிறத வாங்கிட்டு விட்டுடலாமாண்ணே?" சென்ற மாதம் கயத்தாறு பக்கத்திலிருந்து ஒரு பெண் போனில் கேட்டார். அவருடைய கணவரை இடித்த வேன் நிற்காமல் போய்விட்டது. இதே கேள்வியோடு இந்த வருடத்தில் என்னிடம் வந்த மூன்றாவது குடும்பம் அது.

என்னிடம் வருவதற்குக் காரணம் உண்டு. 2023-இல் என் சித்தப்பாவை நான்குவழிச் சாலையில் ஒரு லாரி இடித்துவிட்டுப் போனது. இரவு எட்டே முக்கால் மணி. தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. அந்த லாரி எது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருக்க முடியும். பதினொன்றாம் நாள் ஒரு பெட்ரோல் பங்க்கில் போய் நின்றோம். பதிவு பத்தாம் நாளே அழிந்திருந்தது. அன்றிலிருந்து இந்த விஷயத்தைப் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதைத்தான் கீழே எழுதுகிறேன். தமிழ்நாட்டில் விபத்து நடந்தவர்களை மனதில் வைத்து எழுதியது.

## முதலில் எதைப் பார்க்க வேண்டும்

எந்த வழியானாலும் ஐந்து கேள்விகள் கேட்டுப் பாருங்கள். ஆதாரம் அழிவதற்குள் இந்த வழி அதை எட்டுமா? கிடைப்பது கோர்ட்டில் நிற்குமா? கடைசியில் குடும்பத்துக்கு எவ்வளவு பணம் வரும்? நமக்கே வழக்கு வரும் ஆபத்து உண்டா? ஆஸ்பத்திரியில் ஆள் கிடக்கும்போது வீட்டில் இதைச் செய்யத் தெம்பு இருக்கிறதா?

ஐந்தாவதைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. சித்தி ஆஸ்பத்திரியில், தம்பி காவல் நிலையத்தில், நான் சாலையில் என்று மூன்று பேர் பிரிந்து ஓடியும் எங்களால் முடியவில்லை.

சிகிச்சைச் செலவுக்காக வண்டி எண் கிடைக்கட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் முதல் 48 மணி நேரத்துக்கு உண்டு. 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட மத்திய அரசின் திட்டத்தில் ஏழு நாள்வரை, 1.5 லட்சம் ரூபாய்வரை பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். இடித்தது யார் என்று தெரியாவிட்டாலும் இவை பொருந்தும்.

## ஒரு நம்பர் பிளேட்டின் மதிப்பு

தேடுவதில் இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுவேன்.

38 வயதுக் கொத்தனார் இறந்துவிடுகிறார். மாத வருமானம் 15,000 ரூபாய் என்று விபத்து இழப்பீட்டு வழக்குகளைக் கேட்கும் தீர்ப்பாயம் ஏற்கிறது. நாற்பது வயதுக்குக் கீழே சொந்தத் தொழில் செய்பவர் என்பதால் எதிர்கால வருமானத்துக்கு 40 சதவீதம் கூட்டுவார்கள்: 21,000. அவரை நம்பி நான்கு பேர் இருந்தால் சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கு கழியும்: 15,750. வருடத்துக்கு 1,89,000. அந்த வயதுக்கான பெருக்கு எண் 15. மொத்தம் 28,35,000 ரூபாய். ஈமச் சடங்கு, துணையை இழந்ததற்கான தொகை எல்லாம் இதற்கு மேல். 2009-இன் சரளா வர்மா, 2017-இன் பிரணய் சேத்தி ஆகிய இரண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் வகுத்த கணக்கு முறை இது. இறந்தவர் பக்கமும் தவறு இருந்தது என்று தீர்ப்பாயம் கண்டால் அந்த அளவுக்குக் குறையும்.

வண்டி தெரியாமலே போனால் அதே குடும்பத்துக்குச் சட்டம் தருவது 2,00,000 ரூபாய்.

| | போலீசிடம் மட்டும் விடுவது | குடும்பமே தேடிப் போலீசிடம் தருவது | தனியார் துப்பறிவாளர், வாட்ஸ்ஆப் | அடையாளம் தெரியாத வாகன நிவாரணம் |
|---|---|---|---|---|
| எப்போது பலிக்கும் | எண் பாதியாவது தெரிந்தால் | முதல் ஏழு முதல் பத்து நாள் | சாட்சி தேவைப்படும்போது | தேடி ஓய்ந்த பிறகு |
| கையை விட்டுப் போகும் செலவு | இல்லை | போக்குவரத்து, வேலை இழப்பு | அதிகம், வரம்பு கிடையாது | நகல் செலவு மட்டும் |
| கோர்ட்டில் நிற்குமா | நிற்கும் | போலீஸ் கைப்பற்றினால் நிற்கும் | பெரும்பாலும் நிற்காது | கோர்ட்டுக்கே போக வேண்டாம் |
| நமக்கு ஆபத்து | தாமதம் | அத்துமீறினால் உண்டு | அவதூறு வழக்குவரை | இல்லை |
| கிடைப்பது | முழு இழப்பீடு, குற்ற வழக்கு | முழு இழப்பீடு, குற்ற வழக்கு | நேரடியாக எதுவும் இல்லை | மரணம் 2 லட்சம், பலத்த காயம் 50,000 |

## போலீசிடம் விட்டுவிட்டுக் காத்திருப்பது

இதைத் தவறான வழி என்று சொல்ல மாட்டேன். வண்டி எண்ணில் நாலு இலக்கமும் நிறமும் தெரிந்திருந்தால் போலீசுக்கு இது ஒரு நாள் வேலை. வாகனப் பதிவேட்டில் பாதி எண்ணை வைத்தும் அவர்களால் தேட முடியும். உரிமையாளர் தெரிந்துவிட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 133-ஆவது பிரிவின்படி நோட்டீஸ் கொடுத்து, அன்று யார் ஓட்டினார் என்று கேட்கலாம். அவர் சொல்லியாக வேண்டும். சுங்கச்சாவடியின் ஃபாஸ்டேக் பதிவையும் நம்மிடம் தரமாட்டார்கள், போலீஸ் கேட்டால் தருவார்கள். சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் நடுவில் விபத்து என்றால் ஒரு பக்கம் எட்டூர்வட்டம், மறுபக்கம் சாலைப்புதூர். இரண்டு சாவடியிலும் அந்த நேரத்தையொட்டிக் கடந்த வண்டிகளின் பட்டியலை ஒப்பிட்டாலே சந்தேக வட்டம் சுருங்கிவிடும். நடுவில் ஊருக்குள் திரும்பிய வண்டி அதில் சிக்காது, அது வேறு.

இந்த வழியில் மறைந்திருக்கும் செலவு நாட்கள்தான். ஒரு விசாரணை அதிகாரி கையில் எத்தனையோ வழக்கு. யாரும் வேண்டுமென்று தாமதிக்காவிட்டாலும் கேமரா பதிவு நமக்காகக் காத்திருக்காது.

இந்த வழியில் போகிறவர்கள் சில காகிதங்களில் கறாராக இருக்க வேண்டும். புகார் வந்தது என்று மட்டும் காட்டும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பி வந்துவிடாதீர்கள், எஃப்.ஐ.ஆர். வேண்டும், அதன் நகல் இலவசம். எல்லைத் தகராறு என்றால் எந்த நிலையத்திலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். போடலாம். சென்னையில் விபத்து வழக்கைச் சட்டம் ஒழுங்குப் பிரிவு பார்க்காது, போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவுதான் பார்க்கும். பதிவு செய்ய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபால், அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமே (பி.என்.எஸ்.எஸ்., 193-ஆவது பிரிவு) சொல்கிறது. எழுதிக் கேளுங்கள்.

எஃப்.ஐ.ஆருக்கும் முன்னால் ஒரு காகிதம் இருக்கிறது. அதைப் பற்றி எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் போதாது: ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேடு, ஏ.ஆர். காப்பி. கொண்டுவந்தவர் சொல்வதைத்தான் டூட்டி டாக்டர் அதில் எழுதுவார். போலீஸ் கேஸ் என்றால் அலைச்சல் என்று பயந்து "வண்டில இருந்து சறுக்கி விழுந்துட்டாரு" என்று யாராவது சொல்லிவிட்டால், பின்னால் எந்த வழியில் போனாலும் அந்த ஒரு வரி குறுக்கே நிற்கும். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். பதற்றத்தில் என் மச்சான் சொன்ன வார்த்தை அது. 'அடையாளம் தெரியாத லாரி மோதி' என்று நிரூபிக்க, தூக்கிவிட்ட டீக்கடைக்காரரின் வாக்குமூலம் தேவைப்பட்டது. காயம்பட்டவரைத் தூக்கிவிட்டவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு (134ஏ பிரிவு). சாட்சி சொல்லும்படி வற்புறுத்தவும் முடியாது. அவர் மனதாரச் சொன்னார்.

## குடும்பமே தேடி, கிடைத்ததைப் போலீசிடம் தருவது

முதல் வாரத்துக்கு நான் கை காட்டுவது இந்த வழியைத்தான். நிபந்தனை ஒன்று: தேடுவது நாம், கைப்பற்றுவது போலீஸ்.

கேமராப் படத்தைச் சேமித்து வைக்கும் பெட்டியான டி.வி.ஆரில் பதிவு எத்தனை நாள் நிற்கும் என்பது ஹார்ட் டிஸ்க்கின் அளவையும் கேமராக்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது. ஒரு வாரத்திலேயே பழையதன் மேல் புதியது ஏறிவிடும் கடைகள் உண்டு, ஒரு மாதம் நிற்கும் இடங்களும் உண்டு. ஆகவே முதல் நாள் செய்ய வேண்டியது பதிவை வாங்குவதல்ல, அழிக்காமல் வைக்கச் சொல்வது. கடைக்காரர் நமக்குத் தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. "அண்ணாச்சி, எங்களுக்குத் தர வேண்டாம், போலீஸ் வர்ற வரைக்கும் அழியாம பாத்துக்கோங்க" என்று கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். எந்தக் கடை, எத்தனை கேமரா, யார் பொறுப்பு என்று பட்டியல் போட்டு விசாரணை அதிகாரியிடம் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். பி.என்.எஸ்.எஸ். 94-ஆவது பிரிவில் அவர் நோட்டீஸ் கொடுத்தால் கடைக்காரர் ஒப்படைக்க வேண்டும்.

எங்கே தேடுவது? விபத்து நடந்த இடத்தில் கேமரா இல்லை என்று பலர் அங்கேயே கைவிட்டுவிடுகிறார்கள். இரவில் வேகமாகப் போகும் வண்டியின் நம்பர் பிளேட், விளக்கு வெளிச்சத்தில் வெறும் வெள்ளைப் புள்ளியாகத்தான் பதியும். வண்டி மெதுவாகப் போகும் இடம்தான் நமக்கு வேண்டும்: பெட்ரோல் பங்க், வேகத்தடைக்கு எதிர்க் கடை, லாரிகள் நிற்கும் புரோட்டாக் கடை, ஏ.டி.எம்., சர்வீஸ் சாலை திருப்பம். வண்டி வந்த திசையிலும் பாருங்கள், போன திசையிலும் பாருங்கள். முந்தைய கேமராவில் இரண்டு விளக்கோடு வந்து அடுத்த கேமராவில் ஒற்றை விளக்கோடு போகும் வண்டி கிடைத்தால், பாதி வேலை முடிந்த மாதிரி.

எண் தெரியவில்லை என்றாலும் லாரிக்கு முகம் இருக்கிறது. நெற்றியில் எழுதிய சாமி பெயர், பிள்ளைகளின் பெயர், முதலாளியின் ஊர், தார்ப்பாயின் நிறம், பின்பக்கம் தொங்கும் செருப்பு, சரக்கு என்ன என்பது எல்லாமே அடையாளம்தான். எங்கள் சாட்சி சொன்னது 'நீலத் தார்ப்பாய், முன்னால முருகன் படம்' என்று மட்டும். அந்த பங்க் பதிவு இருந்திருந்தால் அது போதும்.

கேமராக் கடிகாரத்தை நம்பாதீர்கள். பத்து நிமிடம், சில இடங்களில் ஒரு மணி நேரம்கூடத் தவறாக ஓடும். டி.வி.ஆர். திரையும் உங்கள் கைபேசி நேரமும் ஒன்றாகத் தெரியும்படி ஒரு படம் எடுத்துவிடுங்கள். திரையைக் கைபேசியில் படம்பிடித்த வீடியோ போலீசுக்குத் துப்பாக உதவும், ஆதாரமாக அது மட்டும் போதாது. மின்னணுப் பதிவு கோர்ட்டில் ஏற்கப்பட, புதிய சாட்சியச் சட்டத்தின் (பி.எஸ்.ஏ.) 63-ஆவது பிரிவுச் சான்றிதழ் வேண்டும், பழைய சட்டத்தின் 65பி பிரிவின் இடத்தில் வந்தது. அதை முறைப்படி வாங்க வேண்டியவர் விசாரணை அதிகாரி.

சாலையில் கிடக்கும் விளக்குச் சில்லு, உடைந்த கண்ணாடி, பெயிண்ட் துணுக்கு இவற்றைப் படம் எடுங்கள், கையில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். விளக்கு மூடியின் உள்பக்கம் தயாரிப்பாளரின் குறியும் பாக எண்ணும் வார்த்திருக்கும். எந்த மாடல் வண்டி என்று அதிலிருந்தே சொல்லிவிடலாம். சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் பார்வை மகஜரில் ஏறாத சில்லுக்கு மதிப்பில்லை. பக்கத்துக் காவல் நிலையங்களிலும் ஒரு வார்த்தை கேளுங்கள். கூட்டம் அடித்துவிடும் என்று பயந்து ஓடுகிற ஓட்டுநர் உண்டு, அவர் 24 மணி நேரத்துக்குள் போலீசில் சொல்ல வேண்டும் என்பது சட்டம். சொல்லியும் இருக்கலாம்.

இதன் செலவு அலைச்சலும் சம்பள இழப்பும் மட்டுமல்ல. வண்டியைக் கண்டுபிடித்த கோபத்தில் நேரே போய் ஓட்டுநர் வீட்டுக் கதவைத் தட்டியவர்களை அறிவேன். வழக்கு திசைமாறி இவர்கள் மேலேயே புகார் வந்தது. எண் கிடைத்த நிமிடம் நம் வேலை முடிந்தது.

## துப்பறியும் நிறுவனம், வாட்ஸ்ஆப் தேடல்

இதைச் சுருக்கமாக முடிக்கிறேன். தனியார் துப்பறிவாளர்களுக்கென்று நம் நாட்டில் தனி உரிமச் சட்டம் இல்லை. சுங்கச்சாவடிப் பதிவோ செல்போன் அழைப்புப் பட்டியலோ வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், முறையாக அவருக்கு அது கிடைக்க வழியில்லை. குறுக்கு வழியில் வந்தது நம்மைத்தான் சிக்க வைக்கும். ஊர் ஊராகப் போய் கேமரா பார்க்க வீட்டில் ஆளே இல்லாதவர்கள், அந்த நடைக்கு மட்டும் கூலி பேசிக்கொள்ளலாம்.

வாட்ஸ்ஆப், முகநூல் பதிவு சாட்சி தேட நல்லது. இடம், தேதி, நேரம், வண்டியின் அடையாளம், காவல் நிலையத்தின் பெயர் ஆகியவற்றோடு நிறுத்துங்கள். சந்தேகப்படும் வண்டியின் எண்ணையோ ஆளின் படத்தையோ போடாதீர்கள். ஒரு இலக்கம் தவறினால் சம்பந்தமில்லாத ஒருவர் வீட்டு வாசலில் கூட்டம் நிற்கும். உண்மையான ஓட்டுநர் அதைப் பார்த்தால் அன்றிரவே பட்டறையில் வண்டியைச் சரிசெய்துவிடுவார்.

## அடையாளம் தெரியாத வாகன நிவாரணம்

மோட்டார் வாகனச் சட்டம் 161-ஆவது பிரிவு. மரணத்துக்கு முன்பு 25,000, பலத்த காயத்துக்கு 12,500 என்றிருந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் திட்டத்தில் 2 லட்சம், 50 ஆயிரம். எலும்பு முறிவு பலத்த காயத்தில் சேரும். விபத்து நடந்த பகுதியின் விசாரணை அலுவலரான கோட்டாட்சியரிடம் அல்லது வட்டாட்சியரிடம் மனு, எஃப்.ஐ.ஆர்., காயச் சான்றிதழ் அல்லது பிரேதப் பரிசோதனை அறிக்கை, அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் தேவை. அவர் ஒரு மாதத்துக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும். மாவட்ட ஆட்சியர் அளவில் ஒப்புதல் கிடைத்தால் பணம் நேராக வங்கிக் கணக்குக்கு வரும்.

இது தெரியாமலே போகிறவர்கள்தான் அதிகம். 2022-இல் நாட்டில் நடந்த இத்தகைய விபத்துகள் 67,387. 2022-23 நிதியாண்டில் வந்த மனுக்கள் 205, முடிக்கப்பட்டவை 95. இந்த எண்களைப் பார்த்துத்தான் 2024 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது: எஃப்.ஐ.ஆர். பதிவாகி ஒரு மாதத்துக்குள் வண்டி தெரியாவிட்டால், இந்தத் திட்டத்தைப் பற்றிக் காவல் நிலையமே பாதிக்கப்பட்டவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்த வழக்கைத் தொடுத்தவர் கோவையின் எலும்பு முறிவு மருத்துவர் எஸ்.ராஜசேகரன். எங்களுக்கு 2023-இல் இதைச் சொன்னது ஒரு வக்கீல் குமாஸ்தா. அவர் சொல்லியிருக்காவிட்டால் அந்த 50,000-மும் சித்தப்பாவுக்குக் கிடைத்திருக்காது.

"இதை வாங்கினா கேஸ் முடிஞ்சிரும்" என்று பலர் சொல்லுவார்கள். அப்படி இல்லை. பின்னால் வண்டி அகப்பட்டு முழு இழப்பீடு கிடைத்தால், வாங்கிய தொகையைத் திருப்பித் தருகிறேன் என்று உறுதிமொழி கொடுக்கிறோம், அவ்வளவுதான் (163-ஆவது பிரிவு). தேடுவதும் இதுவும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல.

இடிபட்டவர் தன் சொந்த வண்டியைத் தானே ஓட்டியவர் என்றால், அந்த வண்டியின் இன்சூரன்ஸைப் புரட்டிப் பாருங்கள். உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு அதில் இருந்தால், மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் இடித்தது யார் என்று தெரியாமலே கேட்கலாம். நடந்து போனவருக்கும் பின்னால் உட்கார்ந்தவருக்கும் அது இல்லை.

## ஒரு தரகர் வந்து சொல்லும் வழி

ஆஸ்பத்திரி வாசலிலேயே ஆள் வரும். "இன்சூரன்ஸ் உள்ள ஒரு வண்டிய நாங்க காட்டுறோம், நீங்க கையெழுத்துப் போட்டா போதும்." இழவு வீட்டில் 28 லட்சத்துக்கும் 2 லட்சத்துக்கும் உள்ள தூரம் எவரையும் அசைக்கும், அது எனக்குப் புரிகிறது. ஆனால் அது மோசடி வழக்கு. மாட்டினால் தரகர் மறைந்துவிடுவார், கையெழுத்துப் போட்ட விதவைதான் நிற்பார். உண்மையில் இடித்த வண்டியைத் தேடும் வழியும் அன்றே அடைபடும்.

## யாருக்கு எது

விபத்து நடந்து பத்து நாளுக்குள் இருப்பவர்கள், எண் தெரியாதவர்கள்: குடும்பமே தேடும் வழி. வேறு யோசனை வேண்டாம். முழு எண் அல்லது பாதி எண் கையில் இருப்பவர்கள் அதை எழுத்தில் கொடுத்துவிட்டுப் போலீசிடம் விடலாம். வீட்டில் ஆள் இல்லாதவர்களும் கேமராப் பட்டியலை மட்டும் கொடுத்துவிட்டு அப்படியே செய்யலாம்.

ஒரு மாதம் தாண்டிவிட்டதா, எந்தத் துப்பும் இல்லையா? நிவாரண மனுவைப் போட்டுவிடுங்கள், தள்ளிப்போட எந்தக் காரணமும் இல்லை. 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்று வழக்கை முடித்து நோட்டீஸ் வந்தால், புதுத் தகவல் இருக்கும்பட்சத்தில் மாஜிஸ்திரேட்டிடம் ஆட்சேபித்து மேல் விசாரணை கேட்கலாம்.

வண்டி கிடைத்தவர்கள் நாளை எண்ணிக்கொள்ளுங்கள். தீர்ப்பாயத்தில் இழப்பீட்டு மனுப் போட விபத்து நாளிலிருந்து ஆறு மாதம் என்று 2022 ஏப்ரலிலிருந்து சட்டம் வைத்திருக்கிறது. அதை எதிர்த்த வழக்குகள் உண்டு, அவற்றை நம்பித் தாமதிக்க வேண்டாம். வக்கீல் ஃபீஸை 'கிடைப்பதில் இத்தனை சதவீதம்' என்று பேசாதீர்கள். பார் கவுன்சில் விதிப்படி அதற்கு இடமில்லை.

கயத்தாறுப் பெண் பேசியது விபத்து நடந்து ஐந்தாம் நாள். சாலைப்புதூர் சாவடிக்கு நிலையத்திலிருந்து கடிதம் போய்விட்டதா என்று முதலில் கேளுங்கள், கொழுந்தனைச் சர்வீஸ் சாலைக் கடைகளுக்கு அனுப்புங்கள், நீங்கள் ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். காப்பியை வாங்கிப் படித்துப் பாருங்கள் என்றேன். மாலையில் திரும்ப அழைத்தார். 'அடையாளம் தெரியாத வேன் மோதி' என்றுதான் அதில் எழுதியிருந்ததாம்.